நாலாவது வார்

உக்காருங்க அண்ணாச்சி, சும்மா உக்காருங்க. துப்பாக்கிதான், ஆனா உள்ள குண்டு கெடையாது. லைசென்ஸ் சட்டைப் பையில இருக்கு, வேணும்னா காட்டுறேன். சாத்தூர்ல நான் ஏறினதுலருந்து இந்த சீட்டுல ஒருத்தரும் உக்காரல. ஒரு அம்மா வந்துச்சு, உறையப் பாத்துச்சு, நின்னுக்கிட்டே வாரேன்னு முன்னால போயிருச்சு. நீங்கதான் விருதுநகர்ல ஏறி யோசிக்காம வந்து உக்காந்தீங்க. சட்டையில வத்தல் நெடி அடிக்குது. மண்டியில வேலையா? ஆங், அதான் பாத்தேன். மதுரை வரைக்கும்தான? நல்லதாப் போச்சு.

இத விக்கத்தான் போறேன். மதுரையில துப்பாக்கிக் கடை இருக்குல்ல, அங்க. விக்கிறதுக்கு உத்தரவு கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன், அது வர்ற வரைக்கும் கடையிலயே வச்சிருப்பாங்க. எல்லாம் முறைப்படிதான் செய்வேன். நம்ம பழக்கம் அப்படி.

என் பேரு குருவையா. மிலிட்டரியில பதினேழு வருசம், நாயக் ரேங்க்குல வெளிய வந்தேன். அப்பறம் சாத்தூர்ல ஒரு நகைக்கடையில கன்மேன். பதினோரு வருசம். துப்பாக்கி கடையோடது இல்ல, என்னோடது. சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருக்குற ஆளத்தான் வேலைக்கு எடுப்பாங்க. ‘உங்களுக்கு எங்க சம்பளம், அந்தத் துப்பாக்கிக்குல்ல சம்பளம், நீங்க அதுக்குத் துணைக்குப் போறீங்க’ன்னு சீனியம்மா கேலி பண்ணுவா. சீனியம்மா என் சம்சாரம். போன ஆவணியில போயிட்டா.

ஒரு மக. ஈஸ்வரி. மதுரையிலதான் கட்டிக் குடுத்திருக்கு. அவ அம்மா கருமாதி முடிஞ்சு போனவ, அஞ்சு மாசமா எங்கிட்டப் பேசல. போன் பண்ணினா மருமகன்தான் எடுப்பாரு. ‘வேலையா இருக்கா மாமா’ம்பாரு. அஞ்சு மாசமாவா வேலை? முந்தாநாள்தான் பேசினா. என்ன பேசினான்னு அப்பறம் சொல்றேன். எல்லாத்தையும் கேட்டுட்டு நீங்க சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு. நீங்க அன்னியம். எனக்காகவும் பேச மாட்டீங்க, அவளுக்காகவும் பேச மாட்டீங்க.

எல்லாம் இந்த வார்ல வந்தது. துப்பாக்கியத் தோள்ல தொங்கவிடுற வார் இருக்குல்ல, மிலிட்டரியில ஸ்லிங்னு சொல்லுவோம். துப்பாக்கி வாங்கும்போது கூட ஒரு தோல் வார் குடுத்தான். ரெண்டு விரல் அகலம்தான் இருக்கும். காலையில ஒம்பதரைக்கு மாட்டினா ராத்திரி கடை சாத்துற வரைக்கும் மூணேகால் கிலோ தோள்லயே தொங்கும். உக்காரக் கூடாது. முதலாளி காமிராவுல பாத்துக்கிட்டே இருப்பாரு. வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டினா தோள்ல செவசெவன்னு கோடு. சீனியம்மா வெந்நியில துணியப் பிழிஞ்சு ஒத்தடம் குடுப்பா. ‘ஏங்க, வேற வார் போடக் கூடாதா?’ன்னு கேட்டா. பதினோரு வருசத்துல எனக்கு அது தோணவே இல்ல அண்ணாச்சி. மிலிட்டரியில குடுத்தத மாட்டுவோம், குடுத்தத திம்போம். இது எனக்குப் பிடிக்கல, வேற குடுன்னு கேட்டுப் பழக்கமே கெடையாது. அவ சொன்ன பெறகுதான், அட, நம்ம காசு, நம்ம துப்பாக்கி, நமக்குப் பிடிச்ச வாரைப் போட்டா யாரு கேக்கப் போறான்னு தோணுச்சு.

அந்த நேரம் பாத்து எலக்சன் வந்துச்சு. எலக்சன்னா லைசென்ஸ் துப்பாக்கி அத்தனையும் ஸ்டேசன்ல ஒப்படைக்கணும், தெரியும்ல? ஓட்டு எண்ணி முடிச்ச பெறகுதான் திருப்பித் தருவாங்க. பாங்க் காவலுக்குன்னா விலக்கு உண்டு. நகைக்கடைக்கு இந்தத் தடவ கெடைக்கல. பங்குனி மாசம் கொண்டுபோய்க் குடுத்துட்டு ரசீதோட வந்தேன். முதலாளி சொல்லிட்டாரு, ‘குருவையா, துப்பாக்கி வந்ததும் நீங்களும் வாங்க’ன்னு. துப்பாக்கி இல்லாம எனக்கு அங்க என்ன வேலை? சீனியம்மா கேலிக்குச் சொன்னது நிசமாப் போச்சு.

ரெண்டரை மாசம். ஆம்பள வீட்டுல சும்மா இருந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். மொத ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அப்பறம் ஒருநாள் காலையில எந்திரிச்சு, சரி, துப்பாக்கி வரும்போது நல்ல வாரோட வேலைக்குப் போவோம், இந்த ரெண்டரை மாசத்துல எது நல்ல வார்னு முறையாப் பாத்து எடுத்துருவோம்னு முடிவு பண்ணினேன்.

துப்பாக்கி ஸ்டேசன்ல கெடக்கு. வாரை எதுல மாட்டிப் பாக்க? பழைய இரும்புக் கடைக்குப் போய் ரெண்டு தண்ணிக் குழாய் எடுத்தேன். நம்ம துப்பாக்கி ரெட்டைக் குழல், அதனால ரெண்டு. ஒரு கட்டையோட சேத்துக் கட்டி, அவன் தராசுலயே நிறுத்தி, சரியா மூணேகால் கிலோ. நீளமும் சரி. மேலயும் கீழயும் வளையம் வச்சு வெல்டிங் பண்ணினேன். தெருவுல போறவன்லாம் சிரிச்சான். சிரிச்சுட்டுப் போறான்.

அடுத்து, யாரு மாட்ட? நான் மாட்டினா எனக்கு எப்படித் தெரியும்? முதுகுல எப்படி விழுது, குனிஞ்சா முன்னால வந்து ஆடுதா, இதெல்லாம் ஒருத்தர் மாட்டி ஒருத்தர் பாக்கணும். பரேடுலயும் அப்படித்தான். அதோட என் தோளு மரத்துப்போன தோளு. இரும்பு சுமந்தே காய்ச்சுக் கெடக்கு, சாயங்காலம் ஆனாத்தான் அதுக்கு வலியே தெரியும். புதுத் தோளுன்னா உடனே சொல்லிரும். சீனியம்மாவும் நானும் ஒரே உசரம். கல்யாணத்துலயே அத வச்சுக் கேலி பண்ணினாங்க. அப்பறம் வேற ஆளு எதுக்கு?

‘வா, இங்க நில்லு’ன்னேன். தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தா, பசைக் கையோட வந்து நின்னா. மாட்டினேன். ‘ஏங்க, இந்தப் பக்கம் வேணாங்க, அந்தப் பக்கம் மாட்டுங்க’ன்னா. நான் சிரிச்சேன். துப்பாக்கி வலது தோள்லதான் தொங்கணும். பதினேழு வருசத்துல ஒருதடவகூட இடது தோள்ல மாட்டினதில்ல. ‘அதெல்லாம் ஒரு முறை இருக்குடி’ன்னேன். சரின்னு நின்னா.

ஒரு நோட்டு போட்டேன். டூட்டி ரெஜிஸ்டர் மாதிரி கோடு கிழிச்சு, தேதி, எந்த வார், மாட்டின நேரம், எறக்கின நேரம், குறிப்பு. அவ வலிக்குதுன்னு சொன்னதும் எறக்கிருவேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்ல அண்ணாச்சி. சொன்ன நிமிசம் எறக்கிருவேன். மொத வார், பழைய தோல் வார், நாப்பத்தஞ்சு நிமிசம் நின்னா. ரெண்டாவது, நம்ம மிலிட்டரி கேன்வாஸ் பட்டை, ஊட்டிப் பக்கம் இருக்குற கூட்டாளி ஒருத்தன் அனுப்பி வச்சான். தோல விட அகலம். அதுல முப்பது நிமிசம்தான் நின்னா. எனக்கு ஆச்சரியம். தோலே தேவலையா? மூணாவது, நைலான்ல நாலு விரல் அகலம், சிவகாசியில பை தைக்கிறவங்கிட்டச் சொல்லித் தச்சது. இருபது நிமிசம்.

இப்ப நீங்க என்ன நினைப்பீங்க? வாருதான் சரியில்லன்னு தான நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

நடுவுல ஒரு கூத்து. நம்ம வீடு ரோட்டு மேல. வாசல்ல அவ குழாய மாட்டிக்கிட்டு நிக்குறா, நான் நோட்டோட எதிர்ல ஸ்டூல்ல உக்காந்துருக்கேன். பறக்கும் படை ஜீப்பு போகுது. போன ஜீப்பு சர்ருன்னு பின்னால வந்துச்சு. ரெண்டு போலீசு, ஒரு அதிகாரியம்மா, காமிராக்காரன், எல்லாரும் எறங்கிட்டாங்க. ‘என்னம்மா இது, ஆயுதமா?’ன்னு கேட்டாங்க. சீனியம்மா, ‘எங்க வீட்டுக்காரரு என்னையப் பட்டாளத்துல சேத்துவிடப் போறாரு மேடம், டிரெயினிங் நடக்குது’ன்னா. அந்தம்மாவே சிரிச்சுட்டாங்க. குழாயத் தட்டிப் பாத்தாங்க, உள்ள ஊதிப் பாத்தாங்க, போங்கன்னு சொல்லிட்டாங்க. ஜீப்புல ஏறப் போனவங்க திரும்பி, ‘ஏம்மா, உங்க வலது கை மட்டும் வீங்கியிருக்கே, பாத்தீங்களா?’ன்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன், ‘தீப்பெட்டி ஒட்டுற கை மேடம், அப்படித்தான் இருக்கும்’னு. சீனியம்மா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கிட்டா.

நாலாவது வார் மருமகன் ஆன்லைன்ல போட்டுக் குடுத்தாரு. டேக்டிகல்னு பேரு போட்டிருந்தான். கமாண்டோக்காரங்க போடுறதாம். நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி, பொய் சொல்லக் கூடாது. தோள் படுற எடத்துல உள்ள மெத்து வச்சுத் தச்சிருக்கான். ஒரு இழுப்பு இழுத்தா மாரோட இறுகிக்கிடும், இன்னொரு இழுப்புல தொளதொளன்னு ஆயிரும். ரெண்டு முனையிலயும் மாட்டலாம், ஒத்த முனையிலயும் தொங்கவிடலாம். இத்தன வருசம் இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு. ‘சீனியம்மா, இதுல நீ ஒரு மணி நேரம் நிக்காட்டி என்னைய என்னன்னு கேளு’ன்னு மாட்டினேன். வைகாசி மாசம், காலையில பத்தரை மணி. எட்டு நிமிசம். எட்டே எட்டு நிமிசம். வலி தாங்க முடியலன்னுட்டா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வார்காரன் மேல. வெல கூடக்கூட நிக்கிற நேரம் குறையுது, இது என்ன பித்தலாட்டம்? மருமகனுக்குப் போன் போட்டேன். ‘மாப்ள, அதுல நம்ம அபிப்பிராயம் எழுதலாமாமே, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க’ன்னேன். ‘இந்த வார் வெறும் விளம்பரம். என் மனைவியால் எட்டு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. யாரும் வாங்கி ஏமாற வேண்டாம்.’ அஞ்சு ஸ்டாருக்கு ஒரு ஸ்டார்தான் குடுக்கச் சொன்னேன். நாலாவது நாள் கம்பெனிக்காரன் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டான். சும்மாவே புதுசா ஒரு வார் அனுப்பி வச்சான். நான் அந்தப் பார்சலப் பிரிக்கவே இல்ல. பரண்ல தூக்கிப் போட்டேன்.

அத ஈஸ்வரி படிச்சிருக்கா. புருசன் போன்ல. படிச்ச கையோட எனக்குப் போன். ‘அம்மாட்டக் குடுப்பா’ன்னா, குடுத்தேன். அவ போன எடுத்துக்கிட்டுக் கொல்லப் பக்கம் போயிட்டா. ரொம்ப நேரம் பேசினாளுக. பொம்பளைகளுக்குள்ள ஆயிரம் இருக்கும், நான் என்னத்தக் கண்டேன்.

அஞ்சு நாள் கழிச்சு ஓட்டு எண்ணினாங்க. அடுத்த அஞ்சு நாள்ல துப்பாக்கி வந்துருச்சு. அது வந்த அன்னைக்கே ஈஸ்வரி வந்து நின்னா. ‘அம்மாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்’னா. எதுக்குடின்னா, அம்மா துணிமணிய எடுத்துப் பையில வைக்க ஆரம்பிச்சுட்டா. நானும் லீவு சொல்லிட்டுக் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா பாத்தாங்க. மார்ல கட்டி. ரொம்ப நாளா இருந்திருக்கு. அக்குளுக்கு ஏறி, தோள் எலும்புக்குப் போயிருச்சு. ‘எத்தன நாளா வலி இருக்கு?’ன்னு கேட்டாங்க. சீனியம்மா ‘தெரியல’ன்னா. எனக்குத் தெரியும்ல? நோட்டு பையிலயே இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். பங்குனி இருபதுல நாப்பத்தஞ்சு, சித்திரை பத்துல முப்பது, சித்திரைக் கடைசியில இருபது, வைகாசியில எட்டு. அந்தம்மா ஒவ்வொரு பக்கமா வெரல வச்சுப் படிச்சாங்க. ‘இவ்வளவு தெளிவா யாரும் எழுதிக் கொண்டாந்தது இல்ல’ன்னாங்க. எனக்கு அந்த நேரத்துலயும் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு அண்ணாச்சி. அத உங்ககிட்ட மறைச்சு என்ன பண்ணப் போறேன்.

நிமிந்து பாத்தா ஈஸ்வரி என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா. அந்த நோட்ட டாக்டர் கையிலருந்து வாங்கி அவ பையில வச்சுக்கிட்டா. இன்னும் அவகிட்டதான் இருக்கு.

ரெண்டு மாசம் படுக்கையில கெடந்தா. கடைசி வரைக்கும் அவ என்னைய ஒரு வார்த்தை சொன்னதில்ல. ‘வேலைக்குப் போனீங்களா, எந்த வார் போட்டுப் போறீங்க?’ன்னு கேப்பா. ‘பழைய தோல் வார்தான்’னா, ‘அது அறுக்கும்ல’ம்பா. அவளுக்கு அந்த வலி, எனக்குத் தோல் வார் அறுக்குதுன்னு கவலை. ஆவணி ஏழாந்தேதி, விடியக்காலம். அவ்வளவுதான். அத விடுங்க.

ஆங், கள்ளிக்குடி தாண்டிட்டோம். இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

கருமாதி முடிஞ்சு போனவதான், ஈஸ்வரி பேசல. நான் என்ன நினைச்சேன், ‘அம்மாவக் கொன்னது நீதான்’னு அவ மனசுல இருக்குன்னு நினைச்சேன். எனக்கும் ரோசம் வந்துச்சு. நான் என்ன வேணும்னா செஞ்சேன்? வலிக்குதுன்னா எறக்கினேன்ல? கட்டி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? கட்டின புருசன்கிட்டயே சொல்லாம மறைச்சா நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்? இப்படியே ஒவ்வொருநாளும் கடை வாசல்ல நின்னு மனசுக்குள்ளயே வாதாடிக்கிட்டு இருந்தேன். கண்ணாடிக் கதவ எத்தன பேரு தொறந்தான் மூடினான்னுகூட எனக்குத் தெரியாது. காவல்காரன் பாருங்க.

போன வாரம் தோல் வார் அத்துப்போச்சு. வாசல்லயே. துப்பாக்கி டமார்னு தரையில விழுந்து, நகை வாங்க வந்த பொம்பளைக அலறிட்டாங்க. முதலாளி ‘நாளைக்கு வேற வார் மாட்டிட்டு வாங்க’ன்னாரு. அவ தோள்ல மாட்டின வார் எதையும் தொட மனசு வரல. பரண்ல அந்தப் பார்சல் இருந்துச்சு. பிரிச்சேன். அதே வார்தான், மெத்து வச்சது. மாட்டிட்டுப் போனேன். ஒம்பதரைக்கு மாட்டினது. பதினோரு மணிக்குத் தோளத் தடவிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. ஒரு மணிக்கு ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு ஒண்ணும் இல்ல. வலிக்கணும், வலிக்கணும்னு நானே தோளத் தூக்கித் தூக்கி எறக்குறேன், வலிக்க மாட்டேங்குது. கடை சாத்துற வரைக்கும் பாத்தேன். சட்டையக் கழட்டினா ஒரு கோடு இல்ல. அந்த வாருக்கு நான் ஒரு ஸ்டார் குடுத்தேன் அண்ணாச்சி.

அன்னைக்கு நான் சோறு திங்கல. ரெண்டு நாள் கழிச்சு, முந்தாநாள், மருமகனுக்குப் போன் போட்டேன். ‘மாப்ள, அவ பேசாட்டி வேணாம், காதுல மட்டும் வைங்க, நான் ஒண்ணு சொல்லணும்’னேன். வச்சாரு. ‘ஈஸ்வரி, அந்த வார் வலிக்கலம்மா. நாள் பூரா போட்டுப் பாத்தேன், வலிக்கவே இல்லம்மா’ன்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்லன்னு எனக்குத் தெரியல.

அழுதா. அப்படி ஒரு அழுகை. அம்மா செத்த அன்னைக்குக்கூட அப்படி அழல. ‘அது எனக்குத் தெரியும்பா. அன்னைக்குப் போன்லயே அம்மா சொல்லிட்டா’ன்னா. ‘வார்ல ஒண்ணும் இல்லடி, பஞ்சு மாதிரி இருக்கு, வலி எனக்குத்தான், கட்டி இருக்கு’ன்னு சொல்லியிருக்கா. உடனே வாரேன்மான்னு இவ குதிச்சிருக்கா. அதுக்கு அவ, ‘வராத. துப்பாக்கியக் குடுத்துட்டு வந்து உங்கப்பா ஒரு வாரம் செவத்தப் பாத்து உக்காந்துருந்தாருடி. குளிக்கல, பேசல. பயந்துட்டேன். இப்பத்தான் காலையில எந்திரிச்சு சேவிங் பண்ணுறாரு, நோட்டு எழுதுறாரு, மனுசனா இருக்காரு. இன்னும் பத்து நாள்ல துப்பாக்கி வந்துரும். வந்ததும் நீ வா, போவோம். அதுவரைக்கும் அப்பாட்டச் சொல்லாத’ன்னு சத்தியம் வாங்கிட்டாளாம்.

‘பத்து நாள்ப்பா, தெரிஞ்சும் பத்து நாள் சும்மா இருந்தேன்பா. உன் மூஞ்சியில முழிக்க முடியலப்பா’ங்குறா. அஞ்சு மாசமா அவ என் மேல கோவமா இல்ல அண்ணாச்சி. அவ மேலயே கோவமா இருந்திருக்கா. நானா ஒண்ண நினைச்சுக்கிட்டு இங்க ரோசமா உக்காந்துருந்திருக்கேன்.

நேத்தே முதலாளிகிட்டச் சொல்லிட்டேன், இனிமே இத என்னால தூக்க முடியாதுன்னு. இத துப்பாக்கிக் கடையில குடுத்துட்டு நேரா ஈஸ்வரி வீட்டுக்குத்தான் போறேன். அவகிட்ட ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயும் சொல்லாதது. உங்ககிட்டயும் மாத்தித்தான் சொன்னேன்.

அந்த எட்டு நிமிசம் இருக்குல்ல, அன்னைக்கு வலிக்குதுன்னு சீனியம்மா சொல்லவே இல்ல. வாயத் தொறக்கல. அசையாம நின்னா. ஒரு மணி நேரம்னாலும் நின்னுருப்பா, நான் ஆசையா மாட்டினேன்ல. பல்லக் கடிச்சா, கண்ணுல தண்ணி நிறைஞ்சு கன்னத்துல ஓடுச்சு. நேரா எதிர்ல, ஸ்டூல்ல உக்காந்து நான் பாத்தேன். பக்கத்துல போய் என்னடின்னு கேக்கல. கையில நோட்டு இருந்துச்சு. மணியப் பாத்து எட்டு நிமிசம்னு எழுதிட்டுத்தான் எறக்கினேன்.

இத ஈஸ்வரிகிட்டச் சொல்லணும். அவளோட பத்து நாள அவ எறக்கி வைக்கட்டும்.